ஏறினா ஒரு மணி நேரம்... வீடு போய்ச் சேர 5 மணி நேரம்! சென்னை-திருச்சி விமானக் கணக்கு: தப்பினால் வெளிநாட்டு வேலைக்கே வேட்டு

திருச்சி:

"சென்னைக்கும் திருச்சிக்கும் பிளைட்டுல ஒரு மணி நேரம்தான் மாப்ள. ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டா, தண்ணி குடிக்கிறதுக்குள்ள இறங்கிடலாம்."

டீக்கடை பெஞ்சில் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல்வது பொய் இல்லை. டிக்கெட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் நம்பி, அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போட்ட ஒருவர் கதி என்ன ஆகும் தெரியுமா?

ஒரு உதாரணத்துக்கு, மணச்சநல்லூரைச் சேர்ந்த முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். துபாயில் கட்டிட வேலைக்கு விசா வந்துவிட்டது. சென்னையில் இருந்து துபாய்க்கு இரவு 9.30 மணி விமானம். திருச்சியில் இருந்து மாலை 6 மணி விமானத்தில் ஏறினால் 7 மணிக்கு சென்னை. நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. "தாராளமாப் போதும்" என்று இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்துவிட்டார்.

அன்றைக்கு திருச்சி விமானம் 40 நிமிடம் லேட். சென்னையில் தரை இறங்கி நிற்கும்போது மணி 7.40. பெட்டி வருவதற்கு 8.05. வண்டியில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளிநாட்டு டெர்மினலுக்கு வந்து, வாசலில் வரிசையில் நின்று, கவுண்ட்டரைத் தேடிப் பிடிக்கும்போது 8.35. கவுண்ட்டர் மூடி 5 நிமிடம் ஆகிவிட்டது!

விமானம் 9.30-க்குத்தான் கிளம்பும். கண் எதிரே நிற்கிறது. ஆனாலும் ஏற முடியாது. டிக்கெட் பணம் போச்சு. வேலையில் சேர வேண்டிய தேதியும் தள்ளிப் போச்சு. கடன் வாங்கி டிக்கெட் எடுத்த குடும்பத்துக்கு இது சாதாரண விஷயமா?

தப்பு எங்கே நடந்தது? தூரத்தையும் நேரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான். வாங்க, கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

தூரம் எவ்வளவு?

சென்னை விமான நிலையத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் நடுவில் மூன்று விதமான தூரம் இருக்கிறது.

முதலாவது, ஆகாய தூரம். வரைபடத்தில் இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவில் நூல் பிடித்து அளந்தால் சுமார் 295 கிலோ மீட்டர். விமானிகள் கிலோ மீட்டரில் பேசுவது இல்லை. கடல் மைல் என்பதுதான் அவர்கள் கணக்கு. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோ மீட்டர். அந்தக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 159 கடல் மைல்.

இரண்டாவது, ரோடு. ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், சமயபுரம் வழியாக வந்தால் சுமார் 320 கிலோ மீட்டர். வழியில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று சுங்கச்சாவடிகள் வேறு.

மூன்றாவது, தண்டவாளம். எழும்பூரில் இருந்து திருச்சி ஜங்ஷனுக்கு விருத்தாசலம், அரியலூர் வழியாக 337 கிலோ மீட்டர். விழுப்புரம் வரை 159, அதற்கு மேல் 178. ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கிற ஊர் விழுப்புரம்தான். அதனால்தான் விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்கு, 'சென்னை ஏர்போர்ட்டா, திருச்சி ஏர்போர்ட்டா?' என்ற குழப்பம் எப்போதுமே தீராது.

295 கி.மீட்டருக்கு ஒரு மணி நேரமா?

நல்ல கேள்வி. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கும். அந்த வேகத்தில் 295 கிலோ மீட்டர் என்பது 22 நிமிட வேலை. பிறகு ஏன் ஒரு மணி நேரம்?

சென்னை-திருச்சி மாதிரி கிட்டத்து ஊர்களுக்கு, இறக்கைக்குக் கீழே காற்றாடி சுற்றுகிற ஏ.டி.ஆர். ரக விமானங்களைப் பல வருடமாக ஓட்டுகிறார்கள். சுமார் 70, 80 பேர் உட்காரலாம். பயணிகள் ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கக் கதவு வழியாகத்தான். இதன் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோ மீட்டர். அந்த வேகத்திலேயே நேராகப் போனாலும் 35 நிமிடம் ஆகும்.

ஆனால் விமானம் கிளம்பிய நொடியிலேயே முழு வேகம் எடுப்பது இல்லை. மேலே ஏறும்போது வேகம் குறைவு. கீழே இறங்கும்போது இன்னும் குறைவு. இவ்வளவு கிட்டத்து ஊருக்கு, ஏறுவதும் இறங்குவதுமே பாதி பயணம். முழு வேகத்தில் ஓடுவது நடுவில் கொஞ்ச நேரம்தான். டவுன் பஸ்சில் எவ்வளவு நல்ல டிரைவர் இருந்தாலும், நிறுத்தத்துக்கு நிறுத்தம் வேகம் எடுக்க முடியாது அல்லவா? அதே கதைதான்.

இன்னொன்று, விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பவும் இறங்கவும் வேண்டும். சென்னையில் பிரதான ஓடுபாதை கிழக்கும் மேற்கும் பார்த்து இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று அடித்தால் விமானம் கிழக்கே கடலைப் பார்த்துக் கிளம்பும். திருச்சியோ தென்மேற்கில் இருக்கிறது. அப்படியானால், கடல் பக்கமாக ஏறி, வளைந்து திரும்பித்தான் ஊர்ப் பக்கம் வர வேண்டும். நூல் பிடித்த 295 கிலோ மீட்டர் என்பது காகிதத்தோடு சரி.

அந்த ஒரு மணி நேரம் எப்போது ஆரம்பிக்கிறது?

இதைத்தான் பலபேர் கவனிப்பது இல்லை. டிக்கெட்டில் 'புறப்படும் நேரம் 6 மணி' என்று இருந்தால், 6 மணிக்கு விமானம் ஆகாயத்தில் இருக்கும் என்று அர்த்தம் இல்லை. 6 மணிக்கு அது நிற்கிற இடத்தை விட்டு நகரும், அவ்வளவுதான்.

விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பார்கள். லாரிக்கு கல் வைப்பது மாதிரி. அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரும் நேரம் முதல், போய் இறங்கிய ஊரில் நின்று மறுபடியும் கட்டை வைக்கும் நேரம் வரை எண்ணுவதுதான் பயண நேரம். ஆங்கிலத்தில் 'பிளாக் டைம்' என்பார்கள்.

அதைப் பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்:

நகர்ந்து, ஊர்ந்து, ஓடுபாதையில் முறை வரும்வரை காத்திருக்க 10 முதல் 15 நிமிடம்.

ஆகாயத்தில் 40 முதல் 45 நிமிடம்.

இறங்கி, ஊர்ந்து வந்து நிற்க 5 முதல் 10 நிமிடம்.

ஆக மொத்தம் 55 நிமிடம் முதல் 1 மணி 10 நிமிடம் வரை. கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சமாளிக்க விமான நிறுவனங்கள் சில நிமிடத்தைச் சேர்த்துப் போட்டுத்தான் அட்டவணை தயார் செய்கின்றன. அதனால்தான் சில நாள், 'பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்' என்று ஆச்சரியப்படுகிறோம்.

ஆகாயத்தில் 2 மணி நேரம், போன தூரம் ஜீரோ!

விமான நேரம் எப்போதும் நம் கையில் இல்லை என்பதற்கு திருச்சிக்காரர்கள் மறக்க முடியாத சாட்சி ஒன்று உண்டு.

2024-ம் ஆண்டு அக்டோபர் 11-ந்தேதி மாலை. திருச்சியில் இருந்து சுமார் 140 பேருடன் ஷார்ஜாவுக்கு ஒரு விமானம் கிளம்பியது. ஏறிய கொஞ்ச நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு என்று தெரிந்தது. உடனே இறங்க முடியாது. ஏனென்றால் ஷார்ஜா வரை போகத் தேவையான எரிபொருள் டேங்க்கில் இருந்தது. அவ்வளவு கனத்தோடு தரையைத் தொட்டால் ஆபத்து. அதனால் எரிபொருள் தீரட்டும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி வட்டாரத்திலேயே சுற்றிச் சுற்றிப் பறந்தது. கீழே சொந்தபந்தங்கள் டி.வி. முன்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரவு 8 மணிக்கு மேல் அதே திருச்சி ஓடுபாதையில் பத்திரமாக இறங்கியபோதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தும், போய்ச் சேர்ந்த ஊர் கிளம்பிய ஊரேதான். விமானத்தில் தூரம் நிச்சயம், நேரம் நிச்சயம் இல்லை. இதை மட்டும் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் இருந்து வாசல் வரை...

சரி, வெளிநாடு எல்லாம் வேண்டாம். சென்னை பெரம்பூரில் குடியிருக்கிற ஒருவர் சொந்த ஊரான மணச்சநல்லூருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கதவைப் பூட்டியதில் இருந்து, ஊர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரை கணக்கு போடுவோம்.

விமானத்தில்: பெரம்பூரில் இருந்து ஏர்போர்ட்டுக்கு 1 மணி 15 நிமிடம். அங்கே போய் வாசலில் அடையாள அட்டை காட்டி, பெட்டி போட்டு, சோதனை முடித்து உட்கார ஒன்றரை மணி நேரம். பயணம் 1 மணி 5 நிமிடம். பெட்டி எடுத்து வெளியே வர 25 நிமிடம். திருச்சி ஏர்போர்ட் இருப்பது ஊருக்குத் தெற்கே புதுக்கோட்டை ரோட்டில். மணச்சநல்லூர் இருப்பது கொள்ளிடத்துக்கு வடக்கே. ஊரைத் தாண்டிப் போக 50 நிமிடம். கூட்டினால் 5 மணி 5 நிமிடம்!

ரெயிலில்: எழும்பூருக்கு 40 நிமிடம். 20 நிமிடம் முன்கூட்டி போனால் போதும். வந்தே பாரத் ரெயிலில் திருச்சிக்கு சுமார் 4 மணி நேரம். ஜங்ஷனில் இருந்து ஊருக்கு 45 நிமிடம். மொத்தம் 5 மணி 45 நிமிடம். வைகை எக்ஸ்பிரஸ் மாதிரி ரெயில் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும்.

பஸ்சில்: 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பெரம்பூரில் இருந்து அங்கே போகவே ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து சமயபுரம் சுமார் 6 மணி நேரம். சமயபுரத்தில் இறங்கினால் மணச்சநல்லூர் பக்கம்தான். ஆக 8 மணி நேரம். பொங்கல், தீபாவளி என்றால் பரனூர் சுங்கச்சாவடியிலேயே எவ்வளவு நேரம் போகும் என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம்.

பார்த்தீர்களா? ரெயிலைவிட விமானம் மிச்சப்படுத்துவது வெறும் 40 நிமிடம். 295 கிலோ மீட்டரை 5 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 59 கிலோ மீட்டர். அதாவது நம்ம ஊர் ரூட் பஸ் வேகம்!

விமானத்தில் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் ஒரு துக்கம், ஆஸ்பத்திரியில் அப்பா சீரியஸ், ரெயிலில் டிக்கெட் இல்லை என்றால் விமானம்தான் கைகொடுக்கும். ஆனால் 'ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்' என்று நம்பி, மதியம் 12 மணி விமானத்தைப் பிடித்து 1.30 மணி முகூர்த்தத்துக்குப் போக நினைத்தால், பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில்தான் போய் நிற்பீர்கள்.

'மூடும் நேரம்' தெரியுமா?

விமானம் கிளம்பும் நேரத்தைவிட முக்கியமானது கவுண்ட்டர் மூடும் நேரம். உள்நாட்டு விமானங்களுக்கு பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டு விமானங்களுக்கு 60 நிமிடம். சில நிறுவனங்களில் 75 நிமிடம். விமானத்தில் ஏறும் கேட்டை சுமார் 25 நிமிடத்துக்கு முன்பே சாத்திவிடுவார்கள். பஸ் மாதிரி, 'அண்ணே, நிறுத்துங்க' என்று ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள முடியாது.

அதனால் உள்நாட்டுப் பயணத்துக்கு 2 மணி நேரம், வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்பே ஏர்போர்ட்டில் இருப்பது நல்லது.

இன்னொரு இடத்தில் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் '15-ந்தேதி 00.30 மணி' என்று இருந்தால் என்ன அர்த்தம்? 14-ந்தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். 15-ந்தேதி ராத்திரி போய் நின்றால், விமானம் போய் 24 மணி நேரம் ஆகியிருக்கும்.

அதேபோல டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரம் அந்தந்த ஊர் நேரம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி நேரம் முன்னால். காலை 10 மணிக்கு ஏறி மதியம் 12.30-க்கு துபாயில் இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால், பயணம் இரண்டரை மணி நேரம் இல்லை. 4 மணி நேரம்.

இரண்டு டிக்கெட்டா, ஒரே டிக்கெட்டா?

இப்போது மறுபடியும் முருகேசன் கதைக்கு வருவோம். அவர் செய்த பெரிய தப்பு 'இரண்டரை மணி நேரம் போதும்' என்று நினைத்தது மட்டும் இல்லை. இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்ததுதான்.

திருச்சி-சென்னை-துபாய் என்று மொத்தப் பயணத்தையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுத்தால், அது ஒரே ஒப்பந்தம். முதல் விமானம் லேட்டாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் பொறுப்பு.

தனித்தனி டிக்கெட் என்றால், முதல் நிறுவனத்துக்கு இரண்டாவது பயணம் பற்றித் தெரியாது. இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் ஏன் லேட் என்பதும் தேவை இல்லை. 'வராத பயணி' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

பெட்டிக் கணக்கிலும் இதே வம்புதான். வளைகுடா விமானத்தில் பெரும்பாலும் 30 கிலோ வரை பெட்டி போடலாம். ஆனால் உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோதான். கையில் 7 கிலோ. அம்மா ஆசை ஆசையாகக் கட்டிக்கொடுத்த ஊறுகாய், மசாலாத்தூள், முறுக்கு எல்லாம் சேர்த்து 30 கிலோ பெட்டியோடு திருச்சியில் போய் நின்றால், கூடுதல் 15 கிலோவுக்கு கிலோ கணக்கில் பணம் கட்டச் சொல்வார்கள். டிக்கெட் விலையையே தொட்டாலும் தொடும். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பொதுவாக வெளிநாட்டுப் பயணத்துக்கான கிலோ கணக்கே திருச்சிக்கும் பொருந்தும். டிக்கெட்டில் எத்தனை கிலோ என்று எழுதியிருப்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் எந்த டெர்மினல்?

சென்னை விமான நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்ற டெர்மினல்களில் இயங்குகின்றன. வெளிநாட்டு விமானங்களுக்கு 2023 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்ட டி2 டெர்மினல். எல்லாம் ஒரே வளாகம்தான். ஆனால் தனி டிக்கெட் எடுத்தவர்கள் உள்நாட்டுப் பக்கம் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, டி2 வாசலில் மறுபடியும் பாஸ்போர்ட், டிக்கெட் காட்டி உள்ளே போக வேண்டும். அதற்குப் பிறகு கவுண்ட்டர், குடியுரிமைச் சோதனை, பாதுகாப்புச் சோதனை என்று வரிசையாக இருக்கிறது. நள்ளிரவில் அடுத்தடுத்து பல வெளிநாட்டு விமானங்கள் கிளம்பும்போது கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி இருக்கும்.

அதனால் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் இறங்குவதற்கும் அடுத்தது கிளம்புவதற்கும் நடுவில் குறைந்தது 5, 6 மணி நேரமாவது விடுங்கள். மழைக்காலம் என்றால் அதுவும் போதாது. முதல் நாளே போய்விடுவது உத்தமம்.

மழை வந்தால் எல்லாக் கணக்கும் அவுட்

2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறக்க முடியும்? அடையாறு பொங்கி ஓடுபாதைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 4-ந்தேதி மிச்சாங் புயல் வந்தபோது மூடிய விமான நிலையம் மறுநாள்தான் திறந்தது. 2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்சல் புயலுக்கு மதியம் மூடி, அடுத்த நாள் அதிகாலையில்தான் திறந்தார்கள்.

புயல்தான் என்று இல்லை. 2018 போகி அன்று காலை, பழைய பாய், டயர் எரித்த புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையே தெரியவில்லை. பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. ஜனவரி மாதம் அதிகாலை விமானத்தில் டிக்கெட் எடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

நஷ்டஈடு உண்டா?

உண்டு. அதிலும் இந்தப் பயண நேரத்துக்கு வேலை இருக்கிறது.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குனரகம் வகுத்த விதிப்படி, முன்கூட்டியே சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவது அல்லது மாற்று விமானம் தருவதோடு நஷ்டஈடும் தர வேண்டும். அட்டவணைப்படி பயண நேரம் ஒரு மணி நேரம் வரை என்றால் 5 ஆயிரம் ரூபாய், ஒரு மணிக்கு மேல் 2 மணி வரை என்றால் 7,500 ரூபாய், அதற்கும் மேல் என்றால் 10 ஆயிரம் ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

ஆக, சென்னை-திருச்சி விமானம் அட்டவணையில் 60 நிமிடமா, 65 நிமிடமா என்பதில்கூட பணம் இருக்கிறது.

புயல், வெள்ளம் மாதிரி விமான நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் இந்த நஷ்டஈடு கிடையாது. இந்த மாதிரி குறுகிய தூர விமானம் 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால், காத்திருப்பவர்களுக்கு சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும் என்பதும் விதி. கேட்டு வாங்குங்கள். அது பிச்சை இல்லை, உங்கள் உரிமை. டிக்கெட் எடுக்கும்போது சரியான செல்போன் நம்பர் கொடுப்பது ரொம்ப முக்கியம். ஏஜெண்டு தன் நம்பரைப் போட்டுவிட்டால், ரத்து ஆன சேதி அவருக்குத்தான் போகும். 'நாங்க தகவல் சொல்லிட்டோமே' என்று நிறுவனம் கையை விரித்துவிடும்.

அப்போ என்னதான் செய்வது?

முதல் வழி: திருச்சியில் இருந்தே நேரடி விமானம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா என்று திருச்சியில் இருந்து நேராகப் போகிற வசதி பல வருடமாக இருக்கிறது. 2024 ஜூனில் இருந்து புது டெர்மினலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டவணை மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன்பு ஒரு முறை விசாரித்துவிடுங்கள். சென்னையைவிட ஆயிரம், இரண்டாயிரம் கூட இருந்தாலும், சென்னை போகிற செலவையும் அலைச்சலையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் எது லாபம் என்று தெரியும். பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதுதான் கிட்டம்.

இரண்டாவது வழி: சென்னை போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே பி.என்.ஆர். டிக்கெட். ஏஜெண்டிடம், "அண்ணே, ரெண்டும் ஒரே டிக்கெட்டா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

மூன்றாவது வழி: ரெயில். ராத்திரி வண்டியில் ஏறி காலையில் தாம்பரத்தில் இறங்குங்கள். எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரெயில் பிடித்தால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். 5 ரூபாய் டிக்கெட். ஏர்போர்ட் எதிரிலேயே ஸ்டேஷன். சாயங்காலம் விமானம் என்றால் அவசரமே இல்லை. பஸ்சில் வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் ஏர்போர்ட் இன்னும் 15 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். காலை, மாலை நெரிசலில் அதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

திரும்பி வரும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும். வெளிநாட்டில் இருந்து சென்னையில் இறங்கினால் குடியுரிமை, பெட்டி, சுங்கச் சோதனை எல்லாம் முடிய ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகலாம். 'இறங்கி ஒரு மணி நேரத்தில் திருச்சி பிளைட்' என்று டிக்கெட் போட்டால், அது தானாகப் பறந்து போய்விடும்.

கடைசியாக...

நம்ம முருகேசனுக்கே மறுபடியும் டிக்கெட் போடுவோம். ராத்திரி திருச்சியில் ரெயில் ஏறுகிறார். காலையில் தாம்பரம். திரிசூலம் வந்து சேர்ந்து, முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, சாயங்காலம் 6 மணிக்கெல்லாம் டி2 வாசலில் பாஸ்போர்ட்டோடு நிற்கிறார். ரெயில் இரண்டு மணி நேரம் லேட் ஆகியிருந்தாலும் கவலை இல்லை. பெட்டியும் 30 கிலோ. ஊறுகாய் பாட்டில் ஒன்றுகூட வெளியே எடுக்கவில்லை. 9.30 மணி விமானத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வீட்டுக்கு போன் போடுகிறார்.

"அம்மா, ஏறிட்டேன். நீங்க சாப்பிட்டுப் படுங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வீட்டில் விளக்கை அணைக்காமல் காத்திருப்பார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பு ஒரு பேப்பரில் வாசலில் இருந்து வாசல் வரை கணக்கு எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.